பனையோலைப் பாயும் ஒட்டுத்துணி விரிப்பும்

தையற்கலையிலே சிறிதேனும் பழக்கமுள்ள பெண்ணின் வீட்டில் துணிப்பை ஒன்று இருக்கும். சட்டை வெட்டியபோது மீந்த துண்டுகள், கிழிந்த சேலையின் நல்ல பாகங்கள், பிள்ளைகளுக்கு அளவு குறைந்துபோன பாவாடைகள் ஆகியன அதனுள் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கும். எறிந்துவிட மனம் வராது. வைத்திருந்து என்ன செய்வதென்றும் தோன்றாது. மேல்நாட்டார் ‘குவில்ட்’ என்று வழங்கும் ஒட்டுத்துணி விரிப்பு இத்தகைய பைகளுக்குள்ளிருந்து பிறந்ததாகும். துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, அதன் அடியிலே முழுத் துணியொன்றை வைத்து, இரண்டுக்கும் இடையே பஞ்சையோ மென்மையான பழந்துணியையோ பரப்பி, மூன்றையும் சேர்த்து ஓடுதையல் போட்டு முடிப்பதே இதன் முறை.

முறை எளிது. எம் சகோதரிகளைத் தடுத்து நிறுத்துவது வேறொன்று. “கோலத்துக்கு எங்கே போவது? எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது?” என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் அமெரிக்காவிலும் யப்பானிலும் தைக்கப்பட்ட விரிப்புக்களின் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பார்த்து அப்படியே தைத்துவிடலாம். ஆயினும் அடுத்த விரிப்புக்கு மீண்டும் ஒரு படத்தைத் தேடவேண்டியிருக்கும். கோலம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொண்டவளுக்கோ படம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலே, ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்வோருக்கு அவ்வறிவைப் புகட்டும் ஆசான் வீட்டுத் திண்ணையிலேயே விரிந்து கிடக்கிறது. பனையோலைப் பாயையே நாம் குறிப்பிடுகின்றோம்.

ஓலை வகுத்த விதி

பன்னவேலை என்று எம்மவர் வழங்கும் ஓலை வேலையைச் சற்றுக் கவனிப்போம். பனையின் குருத்தோலையை வெட்டி வெயிலிலே காயவைத்து வெளிறச் செய்வர். பின்னர் ஈர்க்கை நீக்கி, சத்தகத்தினால் ஓலையை ஒரே அகலமுள்ள கீற்றுக்களாக வார்ந்துகொள்வர். அவற்றுள் ஒரு பகுதியைச் சாயம் கரைத்த கொதிநீரில் இட்டுச் சிவப்பு, பச்சை, ஊதா முதலிய நிறங்களை ஏற்றுவர். வெள்ளோலையும் சாயவோலையும் கலந்து இழைக்கப்படும்போது பாயும் தடுக்கும் பெட்டியும் கோலம் பெறுகின்றன.

பாய் இழைக்கையில் இரு திசைகளில் ஓடும் கீற்றுக்கள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒரு கீற்று மேலே வருமிடத்தில் அதன் நிறம் தெரியும்; அது கீழே மறையுமிடத்தில் குறுக்கே செல்லும் கீற்றின் நிறம் தெரியும். ஆகவே பாயின் முகத்திலே நாம் காணும் கோலம் அனைத்தும் சிறு கட்டங்களால் ஆனது. ஒரு திசைக்கு வெள்ளோலையும் மறு திசைக்குச் சாயவோலையும் வைத்து, ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு இழைத்தால் சதுரங்க அட்டையைப் போன்ற தோற்றம் கிடைக்கும். இரண்டை எடுத்து இரண்டை விட்டு, வரிசைதோறும் ஒரு கீற்றுத் தள்ளி இழைத்தால் படிக்கட்டுப் போன்ற சாய்கோடுகள் எழும். அச்சாய்வின் திசையை நடுவிலே திருப்பினால் அம்புமுனை தோன்றும். நான்கு பக்கமும் திருப்பினால் வைர வடிவங்கள் ஒன்றினுள் ஒன்றாக அடங்கிக் காணப்படும்.

ஓலையால் வளைகோடு வரைய இயலாது. இழைப்பவள் ஒரு பூவையோ பறவையையோ நினைத்துக்கொண்டு இழைத்தாலும் அது கட்டம் கட்டமாக, படிப்படியாகவே வடிவம் பெறும். இந்தக் கட்டுப்பாடே பாய்க்கு அதன் அழகைத் தந்தது. துண்டுத் துணிக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடு உண்டு. துணியை வளைவாக வெட்டிப் பொருத்துவது தேர்ந்த கைக்கும் கடினம். நேர்கோட்டில் வெட்டிப் பொருத்துவது பழகுவோர்க்கும் இயலும். ஓலை எவற்றை இலகுவிற் செய்கிறதோ அவற்றையே துண்டுத் துணியும் இலகுவிற் செய்கிறது. பாயிலுள்ள கோலத்தைத் துணிக்கு மாற்றும்போது எதனையும் வலிந்து திருத்த வேண்டிய அவசியம் நேராதது இதனாலேயே.

பாயைப் பார்த்துப் பழகிய கண் மற்றவற்றையும் காணத் தொடங்கும். கிடுகு வேலியின் சாய்வரிகள், காயப்போட்ட மீன்வலையின் வைரக் கண்கள், கோயில் மதிலிலே மாறி மாறித் தீட்டப்பட்ட சிவப்பு வெள்ளைப் பட்டைகள், நெடுந்தீவிலே சாந்தின்றிப் பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள் ஆகிய யாவும் வடிவ கணிதத்தின் பாடங்களே. அம்மதிற் கற்கள் ஒரே அளவானவை அல்ல. எனினும் பெருங்கல்லின் இடைவெளியைச் சிறுகல் நிரப்புவதால் மதில் நிற்கிறது. பல அளவுத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்கள் அம்மதிலை ஒருமுறை நின்று பார்க்கலாம்.

கொப்பியிலே கோலம்

இனிச் செய்முறைக்கு வருவோம். சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பியும் மூன்று வர்ணப் பென்சில்களும் போதும். கொப்பியின் ஒரு கட்டம் துணியில் ஒரு சதுரம் என்று கொள்க.

முதலாவதாக, குழந்தைக்கு ஏற்ற விரிப்பு ஒன்று. அகலம் 36 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் ஒவ்வொரு சதுரமும் 4 அங்குலமாயிருந்தால் அகலத்துக்கு 9, நீளத்துக்கு 12, ஆக 108 சதுரங்கள் வேண்டும். முதல் வரிசையில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மும்முறை தீட்டுக. இரண்டாம் வரிசையைப் பச்சையில் தொடங்கிப் பச்சை, சிவப்பு, வெள்ளை என்றும், மூன்றாம் வரிசையை வெள்ளையில் தொடங்கி வெள்ளை, பச்சை, சிவப்பு என்றும் தீட்டுக. நான்காம் வரிசை முதலாவதைப் போன்றது. இவ்வாறு 12 வரிசைகளையும் முடித்துப் பார்த்தால் மூன்று நிறச் சாய்கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கிச் செல்லும். வரிசைக்கு ஒன்று தள்ளி இழைத்த பாயின் கோலமே இது. ஒவ்வொரு நிறத்துக்கும் சரியாக 36 சதுரங்கள் தேவைப்படும்.

இரண்டாவது, வைரக் கோலம். கொப்பியிலே 9 கட்டம் அகலமும் 9 கட்டம் நீளமும் கொண்ட சதுரமொன்றை எல்லையிடுக. அதன் நடுக்கட்டத்தைச் சிவப்பாக்குக. நடுக்கட்டத்திலிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் மாத்திரமே நகரலாம், மூலைவழியே தாண்டக்கூடாது என்பது விதி. ஓரடியில் அடையக்கூடிய கட்டங்களை வெள்ளையாகவும், ஈரடியில் அடையக்கூடியவற்றைப் பச்சையாகவும், மூன்றடியில் அடைபவற்றை மீண்டும் சிவப்பாகவும் தீட்டிச் செல்க. வைரத்தைச் சுற்றி வைரம் வளர்வதைக் காணலாம்.

மாணவ மாணவியர் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நன்று. நடுவில் 1, ஓரடியில் 4, ஈரடியில் 8, மூன்றடியில் 12, நான்கடியில் 16. அடி ஒன்று கூடும்போதெல்லாம் கட்டங்கள் நான்கு கூடுகின்றன. இவற்றின் மொத்தம் 41. எஞ்சிய 40 கட்டங்கள் நான்கு மூலைகளுக்கும் பத்துப் பத்தாகப் பிரிந்துபோகும். 41 என்பது 5-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்த தொகை என்பதையும் கவனிக்கலாம். மூன்றடியோடு நிறுத்தினால் வரும் 25, 4-இன் வர்க்கமும் 3-இன் வர்க்கமும் சேர்ந்ததே. இது ஏன் இவ்வாறு அமைகிறது என்பதைக் கொப்பியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தால் விடை தானே தெரியவரும். வைரத்துக்கு நடுக்கட்டம் ஒன்று இன்றியமையாதது. அதனால் வரிசையின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றையாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, சதுரம் தவிர்ந்த வடிவங்கள். ஒரே அளவான பக்கங்களும் கோணங்களும் உடைய வடிவங்களுள், ஒரே வடிவத்தை மாத்திரம் கொண்டு இடைவெளியின்றித் தளத்தை நிரப்பக்கூடியவை மூன்றே. முக்கோணம், சதுரம், அறுகோணம் என்பனவே அவை. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் தொகை 360 பாகையாதலால் 60 பாகையுள்ள ஆறு முக்கோணங்களோ, 90 பாகையுள்ள நான்கு சதுரங்களோ, 120 பாகையுள்ள மூன்று அறுகோணங்களோ அப்புள்ளியில் சரியாக அமையும். ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. மூன்றை வைத்தால் 36 பாகை வெளி எஞ்சும். தேனீ அறுகோணத்தைத் தெரிந்துகொண்டதற்கும் ஐங்கோணத் துண்டுகளால் விரிப்பு அமையாததற்கும் இக்கணக்கே அடிப்படை.

இவற்றையெல்லாம் படிப்பறியாத கைகள் அறிந்திருந்தன என்பதை அறிஞர்களும் கண்டுகொண்டுள்ளனர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களில் தமிழ்ப் பெண்கள் இடும் புள்ளிக் கோலங்களைக் கணினி விஞ்ஞானத்தின் இலக்கண விதிகளாக வகுத்து ஆராய்ந்தனர். வாசலிலே மாக்கோலமிட்டவளும் திண்ணையிலே பாய் இழைத்தவளும் கணிதம் செய்தவர்களே.

நிறங்களின் அயல்

வடிவம் அமைந்துவிட்டாலும் நிறம் தவறினால் விரிப்புச் சோபிக்காது. இதனை விளக்க ஒரு வரலாறு உண்டு. பாரிஸ் நகரத்துக் கொபெலின் நெசவுச்சாலையிலே கறுப்புச் சாயம் போதிய கருமையுடன் இல்லை என்று முறைப்பாடு எழுந்தது. 1824-ஆம் ஆண்டு முதல் அங்கே சாயப் பகுதியின் பொறுப்பாளராயிருந்த மிசேல் எழேன் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர் அதனை ஆராய்ந்தார். சாயத்திலே குறையில்லை. கறுப்பு நூலுக்கு அயலிலே நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை வெளிறியதுபோற் காட்டின. ஒரு நிறம் எவ்வாறு தோன்றும் என்பதை அதன் அயல் நிறம் தீர்மானிக்கிறது என்னும் இவ்வுண்மையை அவர் 1839-இல் விரிவான நூலாக வெளியிட்டார்.

வீட்டிலே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சிவப்புத் துணியின் இரு துண்டுகளில் ஒன்றைப் பச்சையின்மீதும் மற்றதைச் செம்மஞ்சளின்மீதும் வைத்துப் பாருங்கள். பச்சையின் மீதுள்ளது பளிச்சிடும். செம்மஞ்சளின் மீதுள்ளது மங்கும். ஓலைப் பெட்டிகளிலே சிவப்பும் பச்சையும் இடையிடையே வெள்ளோலையுடன் வந்து கண்ணைக் கவர்வதன் காரணம் இதுவே.

இதனினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. நிற வேற்றுமையைக் காட்டிலும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையே கோலத்தைத் தெளிவாகக் காட்டும். சிவப்பும் பச்சையும் வெவ்வேறு நிறங்களாயினும் இரண்டும் ஒரே அளவு கருமையுடையனவாயின், பத்தடி தூரத்திலிருந்து பார்க்கையில் கோலம் கலங்கிவிடும். தெரிந்தெடுத்த துணிகளை வரிசையாக அடுக்கி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அல்லது கைத்தொலைபேசியிலே கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரு துணிகள் ஒன்றுபோற் தோன்றினால் அவற்றுள் ஒன்றை மாற்றுக. பாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. வெள்ளோலை எப்போதும் அதன் நடுவில் இருப்பதால் சாயவோலைகள் தனித்துத் தெரிகின்றன. விரிப்பிலும் வெள்ளோலைக்கு ஈடாக ஒரு வெளிர் நிறத் துணியைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

நிறங்களை எங்கே தெரிந்தெடுப்பது? பனை ஒன்றையே பார்ப்போம். பனம்பழத்தின் தோல் கறுப்பு. அதனுள்ளிருக்கும் களி செம்மஞ்சள். களியைப் பாயிலே ஊற்றிக் காயவைத்த பனாட்டுக் கபிலம். குருத்தோலை இளமஞ்சள் கலந்த வெள்ளை. முற்றிய ஓலை பச்சை. ஐந்து நிறங்கள். இவ்வைந்தையும் கொண்டு ஒரு விரிப்பைத் தைத்தால் அவை ஒன்றோடொன்று இசைந்திருக்கும். பண்ணைப் பாலத்தினூடாகத் தீவுக்கு வருபவர்கள் இன்னொரு வரிசையைக் காண்பார்கள். ஆழமற்ற பரவைக் கடலின் வெளிர்பச்சை, அதற்கப்பால் நீலம், சேற்றுத் திட்டின் சாம்பல், தோணிகளின் பக்கங்களிலே தீட்டிய மஞ்சளும் சிவப்பும் ஆகியன அதிலே உள்ளன. ஊர்காவற்றுறைத் துறையில் நின்று காரைநகர்ப் பக்கம் நோக்கினால், கடலின் நடுவே கடற்கோட்டையின் சாம்பற் சுவர் நீலத்தின் மத்தியில் ஒரு துண்டாகத் தெரியும். பெரும்பரப்பான ஒரு நிறத்தினிடையே சிறிய மாற்று நிறத் துண்டொன்று எவ்வளவு வலிமை பெறுகிறது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

சிவப்பைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை கூறவேண்டும். இம்பூறல் என்றும் வழங்கும் சாயவேர் இத்தீவுகளின் மணற்பரப்புகளிலும் மன்னாரிலும் தானாக வளரும் சிறு செடியின் வேராகும். படிக்காரம் ஊட்டிய பருத்தித் துணிக்கு அது சிவப்பை ஏற்றும். ஒல்லாந்தர் காலத்திலே அவ்வேரைத் தோண்டி எடுப்பது அரசின் வருமானங்களுள் ஒன்றாயிருந்தது. துணிக்குச் சிவப்புத் தந்த மண் இது. துணிப்பையிலே சிவப்புத் துண்டைத் தேடும்போது இதனை நினைத்துக்கொள்வது தகும்.

கண்டதைத் தைத்த பெண்கள்

தம்மைச் சுற்றியிருப்பவற்றையே கோலமாக்கிப் புகழடைந்த பெண்கள் பல நாடுகளில் உளர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தேய்ந்த வேலையுடுப்புக்களையும் மீந்த துணிகளையும் வெட்டி, குளிருக்காக விரிப்புத் தைத்துவந்தனர். சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக விரியும் அவர்களுடைய கோலம் ஒன்றுக்கு ‘வீட்டுக்கூரை’ என்பது பெயர். 2002-ஆம் ஆண்டிலே அவ்விரிப்புக்கள் ஹூஸ்டன் நகர நுண்கலை அரும்பொருளகத்திலும், பின்னர் நியூயோர்க் நகரத்து விட்னி அரும்பொருளகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அவற்றின் படங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வெளிவந்தன.

அயலிலே பார்த்தால், வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலினாலேயே ஓடுதையல் போட்டுக் காந்தா தைக்கின்றனர். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்திலே, ஆபிரிக்காவிலிருந்து முன்னாளில் வந்தோரின் வழித்தோன்றல்களான சித்தி மக்களின் பெண்கள், பழைய ஆடைத் துண்டுகளை ஓரத்திலே தொடங்கி நடுவை நோக்கி ஒட்டிச் செல்கின்றனர். மூலைகளிலே முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைப்பார்கள். ‘பூ’ என்பது அவற்றின் பெயர். அப்பூக்கள் இல்லாத விரிப்பு முழுமை பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை.

இலங்கையிலே ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) பத்திக் துணிகளாலும் கொடிகளாலும் புகழ்பெற்றவர். மாத்தளைக்கு அருகிலுள்ள அளுவிகாரையிலே கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், பூவேலை முதலிய கைப்பணிகளை வளர்த்தார். பார்பரா சன்சோனி அம்மையார் (1928–2022) இந்நாட்டின் நிலத்திலும் நீரிலும் கண்ட நிறங்களைக் கைத்தறித் துணியின் கோடுகளாகவும் கட்டங்களாகவும் மாற்றினார். தமிழர்க்கும் துணியை வெட்டி ஒட்டும் கலை புதிதன்று. தேரிலே தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு என்னும் துணிகள் வெட்டி ஒட்டித் தைக்கப்பட்டவை அவை. திருவிழாக் கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்க்கும் அவற்றின் கோலம் தெளிவாகத் தெரிகிறது.

தைக்கத் தொடங்குமுன்

கோலமும் நிறமும் அமைந்தபின் கவனிக்க வேண்டியவை சில. எல்லாத் துணிகளையும் முதலில் கழுவி உலர்த்துக. கருஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியின்மீது அழுத்திப் பார்த்து, சாயம் இறங்குவதாயின் விலக்கிவிடுக. பருத்தியோடு பருத்தியையே சேர்க்க வேண்டும். பட்டையும் நைலோனையும் அதனோடு கலந்தால் ஒன்று சுருங்க மற்றது சுருங்காது. மிகவும் நைந்த துணி புதுத் துணியின் அருகில் விரைவிற் கிழியும். அதனை உள்ளே பரப்புவதற்கு வைத்துக்கொள்க.

சதுரங்களை இழையோடு நேராக வெட்ட வேண்டும். தையலுக்காக நான்கு பக்கமும் கால் அங்குலம் விடவேண்டுமாதலால், 4 அங்குலச் சதுரத்துக்கு 4½ அங்குலமாக வெட்டுக. 45 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்குப் பத்துச் சதுரங்கள் கிடைக்கும். ஆகவே முற்கூறிய குழந்தை விரிப்புக்கு, நிறத்துக்கு அரை யாருக்குச் சற்று அதிகமான துணி போதும். முக்கோணம் வேண்டுமாயின் 4⅞ அங்குலச் சதுரத்தை மூலைவாட்டில் இரண்டாக வெட்டுக. முக்கோணத்தின் நீண்ட பக்கம் இழைக்குச் சாய்வாக அமைவதால் இழுபடும். அதனைத் தைக்கும்போது இழுக்கலாகாது.

எமது காலநிலைக்குத் தடித்த பஞ்சு வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து உள்ளே வைத்தாற் போதும். மாரிகாலத்துக் கடற்காற்றுக்கு அது தகுந்த போர்வையாகும். கழுவினால் விரைவில் உலரும்.

கையிலே இருக்கும் ஏடு

இவ்வளவும் ஒரு விரிப்புக்காக மாத்திரம் நாம் கூறவில்லை. பாயின் கோலங்களைக் கொப்பியில் எழுதுங்கள் என்று வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு.

ஓலை நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. பாய் சில ஆண்டுகளில் நைந்து போகும், கறையான் அரிக்கும், மழையில் நனைந்து உக்கிவிடும். கல்லிலே செதுக்கிய கோலம் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். ஓலைக் கோலமோ, பழைய பாய் அழியுமுன் யாரேனும் ஒருத்தி புதிய பாயை இழைப்பதனால் மாத்திரமே பிழைத்து வந்திருக்கிறது. தாயின் அருகிலிருந்து மகள் பார்த்தாள். அவளருகிலிருந்து அவள் மகள் பார்த்தாள். எத்தனை கீற்றை எடுத்து எத்தனையை விடுவது, எந்த இடத்தில் சாயவோலையைச் செருகுவது என்னும் கணக்கை எவரும் எழுதி வைத்ததில்லை.

அந்தச் சங்கிலியிலே பல கண்ணிகள் அறுந்துவிட்டன. 1990-களின் தொடக்கத்திலே போர் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் அலைந்து, பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று குடியேறினர். திரும்பி வந்தோரின் வீடுகளிலே கடகத்தின் இடத்தைப் பிளாஸ்திக் கூடையும், பாயின் இடத்தை நெகிழிப் பாயும் பிடித்துக்கொண்டன. 1978-இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஓலைக் கைப்பணிக்கு ஊக்கமளித்து வருகிறது. பெண்கள் சிலர் அதனாற் சிறிது வருமானமும் பெறுகின்றனர். எனினும் விற்பனைக்காகச் செய்யப்படும் பொருள்கள் சிறியவை. பெரும்பாயின் கோலங்களை முழுமையாக அறிந்தவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள்.

இத்தொழிலைக் குறித்து எம்மவரிடையே நிலவும் ஓர் எண்ணத்தையும் மறைக்காமற் கூறவேண்டும். ஓலை இழைப்பது வறியவர்க்குரிய தொழில், தையல் பழகுவதே நாகரிகம் என்று கருதுவோர் இன்றும் உளர். அதே கோலத்தை அமெரிக்க அரும்பொருளகத்துச் சுவரிலே துணியிற் கண்டால் வியந்து நிற்பார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டபின்னரே ஒன்றை மதிப்பது அறிவுடைமை ஆகாது. பாய் இழைக்கும் அம்மையாருக்கு உரிய மதிப்பை அவர் வாழும் நாளிலேயே கொடுத்தல் வேண்டும்.

ஆகவே மாணவ மாணவியர்க்கு இவ்விடுமுறைக்கு ஒரு வேலை தருகின்றோம். உங்கள் அம்மம்மாவோ, அப்பாச்சியோ, அயலிலுள்ள ஆச்சியோ ஓலை வேலை அறிந்தவராயின் அவரருகே கொப்பியுடன் அமருங்கள். அவர் இழைப்பதைக் கட்டம் கட்டமாகக் கொப்பியில் இறக்குங்கள். அக்கோலத்துக்கு அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதனை அப்படியே எழுதுங்கள். யாரிடம் கற்றார், எந்த ஊரிலே கற்றார் என்பனவற்றையும் கேட்டுக் கீழே குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய அனுமதியைப் பெற்ற பின்னரே அக்கோலத்தைத் துணியில் தைத்து விற்க வேண்டும்; விற்கும்போது கோலத்துக்குரியவர் இன்னார் என்று சொல்வதும் கடமையாகும்.

அயல்நாடுகளில் வாழும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பனையோலை கிடைக்காது. ஆனால் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் பெட்டியின் அடியிலே மடித்தபடி இருக்கும். ஓலையிற் பிறந்த கோலம் அச்சேலைத் துணியிலே மீண்டும் தோன்றலாம். ஓலை உக்கிய இடத்திலே துணியாவது நிற்கட்டும். அங்கே பிறந்த குழந்தை அவ்விரிப்பிலே படுத்துக்கொண்டு, “இந்த வைரம் ஏன் இப்படி வளர்கிறது?” என்று விரலால் எண்ணிக் கேட்குமாயின், அதற்கு விடை சொல்லத் தெரிந்த ஒருத்தி அவ்வீட்டில் இருக்க வேண்டும்.

துணிப்பையை இன்றே அவிழ்த்துப் பாருங்கள். கத்தரிக்கோலை எடுக்குமுன் கொப்பியைக் கையில் எடுங்கள்.